சித்தாமூர் மடமும் வடிகட்டிய நீரும்

துறவியர் மடங்களின் தொன்மை பற்றிப் பேச்செழுந்தால் நம் எண்ணம் உரோமைக்கும் அர்மேனிய மலைகளுக்கும் ஓடிவிடுகிறது. ஆனால் திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே, மேல்சித்தாமூரில், தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருப்பதை நம் பங்குக் குடும்பங்களில் அறிந்தோர் சிலரே.

ஜினகாஞ்சி மடம் என்பது அதன் பெயர். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இங்கு வந்ததென்பர். மடத்தின் தலைவர் லட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயர் தாங்குவார். அவர் திகம்பர முனிவர்போல் ஆடை துறந்தவரல்லர். காவியுடுத்து, மயிற்பீலி ஏந்தி, இல்லறத்தாருக்கு அறம் உரைப்பவர். ஊரிலுள்ள பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டின.

இப்பகுதியில் சமணம் அதனினும் பழைமையானது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. உயிர் இறைவனின் கொடை என்று நம்பும் நமக்கு அவ்வழி உடன்பாடன்று. எனினும் அப்பாறையின் முன் நிற்கையில் நம் ஒருசந்தி மிகச் சிறியதாகத் தோன்றுகிறது.

சமணர் வழங்கும் மரபுரை ஒன்றுண்டு. 1478ஆம் ஆண்டில் செஞ்சியை ஆண்டவன் சினங்கொண்டு சமணரைக் கொல்வித்தானாம். அஞ்சியோர் பலர் திருநீறு பூசிச் சைவராயினர். அந்நாளில் திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர், மாலை வேளையில், நீர்நிலையருகே நீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். நீரிலுள்ள சிற்றுயிரும் மடியலாகாதென்று துணியில் வடித்துப் பருகுவது சமணர் வழக்கம். அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது! சேவகர் பிடித்துச் சென்றனர். அவ்வேளை அரசனுக்கு மகன் பிறந்தமையால் உயிர் பிழைத்தார். பின்பு சிரவணபெளகுளம் சென்று கற்று, வீரசேனாசாரியராகத் தாயனூர் காங்கேய உடையாரின் துணையோடு திரும்பி, மதம் மாறியோரை மீண்டும் சமணராக்கினார் என்பர்.

அரசனை எதிர்த்து அவர் வாளெடுக்கவில்லை; வாதமும் புரியவில்லை. கையிலிருந்தது ஒரு துணித்துண்டு. அதை அன்று மட்டும் விட்டிருந்தால் யார் குறைகூறியிருப்பர்? மடங்கள் தளர்ந்த காலத்தில் சமயத்தைக் காத்தவை அடுக்களையும் தண்ணீர்க் குடமுமே என்று நமக்குத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் நம் இல்லங்களில் எத்தனையில் எஞ்சியுள்ளது என்ற எண்ணமும் உடன் எழுகிறது.

நயினார் என்னும் பட்டப்பெயருடன் இச்சமணர் இன்றும் நம் அண்டை ஊர்களில் உழவராயும் ஆசிரியராயும் வாழ்கின்றனர். மரபு வழுவாத அவர்தம் இல்லங்களில் கதிரவன் மறையுமுன்பே இரவுணவு முடிந்துவிடுகிறது.