தள்ளுபடி விலையில் ஒரு ரிசீவர்

2012 மார்ச் 13 அன்று சிகாகோ பேர்ஸ் அணி, மயாமி டால்ஃபின்ஸ் அணியிடமிருந்து பிராண்டன் மார்ஷல் என்ற ரிசீவரை வாங்கியது. கொடுத்த விலை, இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமைகள்.

அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு இதில் பாதி புரியாது. 2003இல் சிகாகோ புறநகருக்கு வந்த எனக்கும் முதல் சில வருடங்கள் புரியவில்லை. பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். ரிசீவர் எதிராளிகளை ஏமாய்த்து ஓடி அதை எட்டிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வசந்தத்திலும் 32 அணிகளும் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து, ஏழு சுற்றுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அந்த முறைதான் இங்கே நாணயம். வேறொரு அணியின் ஆள் வேண்டுமென்றால், என் முதல் சுற்று முறையை நீ எடுத்துக்கொள், அவரை எனக்குக் கொடு என்பார்கள். முதல் சுற்று தங்கம். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு சில்லறை. மனிதர்களை இப்படி விலைபேசுவது பற்றிய என் சங்கடத்தை இங்கே விரித்தால் வேறு எதையும் பேச முடியாது.

அந்த வாரம் நான் வேலை பார்த்த கணக்குப் பிரிவில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. காபி இயந்திரத்தைச் சுற்றி நின்று மார்ஷலை எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறடி நாலங்குல உயரம். 2007 முதல் தொடர்ந்து ஐந்து பருவங்கள், ஒவ்வொன்றிலும் ஆயிரம் கெஜத்துக்கு மேல். பேர்ஸின் குவார்ட்டர்பேக் ஜே கட்லரும் அவரும் டென்வரில் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவர் கண் அசைவு இன்னொருவருக்குத் தெரியும். சிகாகோவுக்குப் பல வருடங்களாக ஒரு முதல்தர ரிசீவர் வாய்க்கவில்லை. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பேரம் கிடையாது என்று எனக்கே தோன்றியது. பிறகு யாராவது ஒருவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஆனால் ஆள் கொஞ்சம் பிரச்சினையானவர்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்தப் பிரச்சினை என்ன என்று யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

நம்மிடம் இதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: 'ஒரு மாதிரி'. மாப்பிள்ளை நல்லா படிச்சவர், நல்ல சம்பளம், ஆனா கொஞ்சம் ஒரு மாதிரி. அது குடியாக இருக்கலாம், மன அழுத்தமாக இருக்கலாம், கை நீட்டும் பழக்கமாகவும் இருக்கலாம். கேட்பவர் மேற்கொண்டு கேட்காமல் இருப்பதற்காகவே செய்த சொல் அது.

மார்ஷல் விஷயத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று சங்கதிகள் கிடந்தன. ஒன்று, டென்வர் அணி நிர்வாகத்தோடு சண்டை. 2009இல் பயிற்சியில் முறுக்கிக்கொண்டு நின்றதற்காக அணியே அவரை இடைநீக்கம் செய்தது. இதை நான் குற்றமாகவே எண்ண மாட்டேன். தொழிலாளி முதலாளியோடு முறைத்துக்கொள்வது உலக வழக்கம். இரண்டு, நோய். 2011 ஜூலையில் அவர் தனக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருப்பதாகவும் அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்வதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பின ஆண், அதிலும் உடம்பை மூலதனமாக வைத்துப் பிழைப்பவர், அந்த உலகத்தில் நின்று அதைச் சொன்னது சின்ன விஷயமல்ல. மூன்று, பெண்கள். முன்னாள் காதலியைத் தாக்கியதாக அட்லாண்டாவில் நடந்த வழக்கில் 2009இல் அவர் விடுதலையானார். அதற்கு முந்தைய ஆண்டு நடத்தை விதிகளின்படி லீக் அவரை மூன்று ஆட்டங்களுக்குத் தடை செய்து, பிறகு ஒன்றாகக் குறைத்திருந்தது. பேர்ஸ் வாங்குவதற்கு இரண்டு நாள் முன்பு நியூயார்க் இரவு விடுதியில் தன்னை அடித்தார் என்று ஒரு பெண் புகார் சொன்னார். அவர் தரப்பு மறுத்தது. குற்றவியல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் யாருக்கு நஷ்டம்? முதலில் நோயாளிகளுக்கு. மனநோய் உள்ளவர்கள் எல்லாரும் அடிப்பவர்கள் என்றாகிவிடுகிறது. நான் சனிக்கிழமைகளில் தெற்காசியப் பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகத் தொலைபேசி எடுப்பவள். அடிக்கும் கணவர்களில் பலர் அலுவலகத்தில் மேலாளரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வீட்டுக் கதவு சாத்திய பிறகு மட்டும் வரும் கோபத்துக்கு மருத்துவப் பெயர் தேட வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் நஷ்டம் பெண்களுக்கு. அவர்களுக்கு நடந்தது, பயிற்சிக்குத் தாமதமாக வந்ததோடு சேர்ந்து ஒரு 'சுமை' ஆகிவிடுகிறது. அதுவும் யாருடைய சுமை? அணியின் சுமை.

இனி விலைக்கு வருகிறேன். என் தொழில் அது. 2010இல் மயாமி இதே மார்ஷலை டென்வரிடமிருந்து வாங்கியபோது கொடுத்தது இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள். இரண்டு வருடத்தில் அது இரண்டு மூன்றாம் சுற்றாக இறங்கிவிட்டது. இறக்கத்துக்கு அவருடைய பெரிய சம்பளமும் ஒரு காரணம், 28ஐத் தொடும் வயதும் ஒரு காரணம், மயாமிக்கு அவர் வேண்டாமென்று ஆகிவிட்டதும் காரணம். ஆனால் புகார்களும் அதில் இருக்கின்றன என்பதை யாரும் மறைக்கவில்லை. மலிவாகக் கிடைத்தார் என்றுதான் சந்தோஷப்பட்டார்கள். அந்த வித்தியாசத்தைக் கணக்கேட்டில் எழுதச் சொன்னால் நான் எங்கே எழுதுவேன்? பெண்கள் பட்டதாகச் சொன்ன அடிக்கு ஒரு மதிப்பு போடப்பட்டிருக்கிறது, அந்த மதிப்பு வாங்கிய அணியின் வரவில் போயிருக்கிறது. ஆட்டக்காரருக்குக்கூட அதில் லாபமில்லை. பெண்களுக்கு அந்தப் பக்கத்தில் வரியே கிடையாது.

மார்ஷலைவிட டைரீக் ஹில்லிடம் இது பளிச்சென்று தெரியும். ஓக்லஹோமா ஸ்டேட் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த ஹில், 2014 டிசம்பரில் கருவுற்றிருந்த தன் காதலியைத் தாக்கிக் கழுத்தை நெரித்ததாகக் கைதானார். கல்லூரி அணியிலிருந்து நீக்கியது. 2015இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் வன்முறையாளருக்கான ஓராண்டுப் பயிற்சியும் விதித்தார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மைதானத்தைக் கடந்துவிடும் அந்தக் கால்களுக்கு மேல்சுற்றுகளிலேயே போட்டி இருந்திருக்கும். 2016இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில், 165ஆவது ஆளாக எடுத்தது. சில்லறைக் காசு. 2018இல் கண்காணிப்புக் காலம் முடிந்து வழக்கு தள்ளுபடியானது.

தமிழில் நீதிமன்றத்துக்கும் துணிக்கடைக்கும் ஒரே சொல் எப்படி வாய்த்தது என்று அன்றைக்கு யோசித்தேன். ஹில்லின் கதையில் தள்ளுபடி இரண்டு முறை வருகிறது. கடைத் தள்ளுபடி முதலில், கோர்ட் தள்ளுபடி பிறகு.

2019இல் அவருடைய குழந்தை காயப்பட்டது குறித்து விசாரணை நடந்தது. வழக்கு போடவில்லை, லீக்கும் நடவடிக்கை எடுக்கவில்லை. செப்டம்பரில் சீஃப்ஸ் அவருக்கு மூன்றாண்டுக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2020 பிப்ரவரியில், சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், தோற்கும் நிலையில் அணி தவித்தபோது அவர் பிடித்த 44 கெஜப் பந்துதான் ஆட்டத்தைத் திருப்பியது. நம்ப முடியாத அழகு அது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் மயாமிக்கு அவரை விற்றபோது சீஃப்ஸ் பெற்றது முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டு நான்காம் சுற்று, ஓர் ஆறாம் சுற்று என ஐந்து உரிமைகள். மயாமி அவருக்கு நான்காண்டுக்கு 12 கோடி டாலர் ஒப்பந்தமும் கொடுத்தது. ஐந்தாம் சுற்றுக்கு வாங்கி, முழு விலைக்கு மேலே விற்றார்கள். ஒரு பெண்ணின் கழுத்தில் பதிந்த விரல்கள் ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு லாபம் ஈட்டித்தந்ததை நான் வேறெங்கும் இத்தனை தெளிவாகப் பார்த்ததில்லை.

இங்கே ரே ரைஸைக் காட்டி மறுப்பார்கள். 2014இல் லிஃப்டுக்குள் தன் வருங்கால மனைவியை அடித்து வீழ்த்திய காட்சி வெளிவந்ததும் பால்டிமோர் அவரை நீக்கிவிட்டதே, அதன்பின் அவர் ஆடவே இல்லையே, தண்டனை இல்லையென்று எப்படிச் சொல்கிறாய்? சரிதான். ஆனால் காட்சி வெளிவரும்வரை லீக் அவருக்குக் கொடுத்திருந்தது இரண்டு ஆட்டத் தடை. அதோடு ரைஸ் முந்தைய பருவத்தில் ஓட்டத்துக்குச் சராசரி 3.1 கெஜம்தான் எடுத்திருந்தார். கால் தளர்ந்துவிட்டது. ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு அது வசதியான நேரம்.

அந்த வருடம் ஆகஸ்டு கடைசியில் லீக் விதியை மாற்றி, வீட்டு வன்முறைக்கு முதல் முறையே ஆறு ஆட்டங்கள் தடை என்று ஆக்கியது. தடைக்காலத்தில் சம்பளம் கிடையாது. நல்லதுதானே என்பார்கள். அந்தச் சம்பளம் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, அணி அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது. குறைவது யார் வீட்டில்? அடிபட்டவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். புகார் கொடுக்கும் பெண் தன் அடுப்பையும் சேர்த்து அணைக்க வேண்டியிருக்கிறது.

கோடீஸ்வரர் வீட்டுக் கணக்கு நமக்கெதற்கு என்று தோன்றலாம். சனிக்கிழமைத் தொலைபேசியில் வருவதும் இதே கணக்கு. கணவருக்கு வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த விசா. போலீஸ் வந்தால் அவர் வேலை போகும், வேலை போனால் அவளுடைய விசாவும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். ஒருத்தி, "மார்ச்சுல போனஸ் வரும் அக்கா, அதுக்கப்புறம் சொல்லலாமா?" என்று கேட்டாள். வெளியாள் கேட்டால் இதென்ன கேள்வி என்பார். அவள் தராசில் வாடகை முன்பணமும் விமான டிக்கெட்டும் இருந்தன. காயத்தின் மதிப்பை அவளும் போட்டுப் பார்த்திருந்தாள். அவளுக்கு மட்டும் தள்ளுபடி கிடைக்கவில்லை.

ஆக, என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அடித்தவன் இனி எங்கும் வேலை செய்யக் கூடாது என்று நான் சொல்வதில்லை. எங்கள் மையத்துக்கு வரும் பெண்களில் அதைக் கேட்பவர்களும் அதிகமில்லை. அடி நிற்க வேண்டும், ஜீவனாம்சம் வர வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். மார்ஷலை நான் வாங்கியிருப்பேன். வழக்கில் விடுதலையானவர், அணி கேட்பதற்கு முன்பே சிகிச்சைக்குப் போனவர். 2012இல் 118 பந்துகள், 1,508 கெஜம். பேர்ஸ் வரலாற்றில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கை. அணி பத்து ஆட்டங்களை ஜெயித்தும் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை, அது எங்கள் ஊர் ராசி. அடுத்த வருடம் மனநல விழிப்புணர்வு வாரத்துக்காக அவர் பச்சைக் காலணி போட்டு ஆடினார். சீருடை விதியை மீறியதற்கு லீக் 10,500 டாலர் அபராதம் போட்டது. காலணி நிறத்தில் காட்டிய கறாரை நான் மறக்க மாட்டேன்.

ஹில்லை 2016இல் எடுத்திருக்க மாட்டேன். எடுத்தே தீர வேண்டுமென்றால் அந்தத் தள்ளுபடியை அணியின் வரவில் எழுத விடமாட்டேன். இரண்டாம் சுற்று ஆட்டக்காரருக்குரிய சம்பளத்துக்கும் ஐந்தாம் சுற்றுக்காரருக்குரிய சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பெண்ணின் பெயரில் கட்டட்டும். அவர் அவரோடு வாழ்ந்தாலும் பிரிந்தாலும் அது அவருடையது. தடைக்காலச் சம்பளமும் அப்படியே. ஒப்பந்தத்தில் அணியின் பணத்தைக் காப்பதற்கு, ஆட்டக்காரர் தடை செய்யப்பட்டால் உத்தரவாதத் தொகை ரத்து என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த வக்கீல்களுக்கு இதை எழுத ஒரு மதியம் போதும்.

"அப்படின்னா காசு கொடுத்தா அடிக்கலாம்னு ஆயிடாதாம்மா?" என்று மகன் கேட்கிறான். இப்போதும் காசு கொடுத்துத்தான் அடிக்கிறார்கள், காசு போகும் வீடுதான் வேறு என்றேன். அவனுக்கு ஒப்புதலில்லை. அவனுடைய நண்பர்கள் சேர்ந்து நடத்தும் கற்பனை லீகில் ஹில்லைப் பல வருடம் விடாமல் வைத்திருந்தவன் அவன். ஹில் பந்தோடு திரும்பினால் சோபாவிலிருந்து எழுந்துவிடுவான், நானும் தட்டை மடியில் வைத்தபடி நிமிர்ந்துவிடுவேன். விளம்பரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி சண்டை போடுவோம்.