மரை

என் தகப்பனார் விட்டுப்போன வைஸில் ஒரு மரையை நான் கெடுத்துவிட்டேன். விமர்சனம் எழுதுகிற என் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் அவர் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. 2019ல் இவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் இல்லை. வங்கிக் குமாஸ்தாவான நான் அவருடைய அரத்தைக்கூடத் தொட்டவனில்லை. போன மாதம் என்னவோ தோன்றி எம்6 டேப் செட் ஒன்று வாங்கினேன். மூன்று டேப்புகள். முதலாவதன் நுனி ஏழெட்டு மரைக்குச் சரிந்திருக்கும், இரண்டாவது நாலைந்துக்கு, மூன்றாவது ஒன்றிரண்டுக்கு. அடி அடைத்த துளையில் கடைசிவரை மரை போட மூன்றாவதுதான்.

இரும்புப் பட்டையில் 5 மி.மீ. துளையிட்டு, எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சீவல் முறிகிற சத்தம் காதுக்கல்ல, கைக்குக் கேட்கிறது. முன்னேயே போய்க்கொண்டிருந்தால் சீவல் அடைத்து டேப் முறியும்.

மூன்று துளை சரியாக வந்ததும் துணிச்சல் வந்துவிட்டது. வைஸின் தாடைத் தகடு ஒரு திருகு இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. எம்6 திருகை வைத்தேன். இரண்டு சுற்று ஏறி நின்றது. உள்ளே துரு என்று முடிவுகட்டி டேப்பை இறக்கினேன். வார்ப்பிரும்பு கருப்புப் பொடியாக உதிர்ந்தது. பிறகு எந்தத் திருகும் அதில் பிடிக்கவில்லை.

தகப்பனாருடன் வேலை பார்த்தவர், நான் பெரியப்பா என்றழைப்பவர், வந்து பார்த்தார். "ஏறலேன்னா துருதானா தம்பி? வேற மரையா இருக்கும்னு தோணலையா?"

அது கால் அங்குல விட்வொர்த். 1841ல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த முறை. அங்குலத்துக்கு 20 மரை, கோணம் 55 பாகை. எம்6ல் மரைக்கு மரை 1 மி.மீ., கோணம் 60 பாகை. போடும் துளை மட்டும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் முதலிரண்டு சுற்று சம்மதிக்கிறது.

நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. உணர்ச்சிக்கு ஈடான புறப்பொருள் கலையில் வேண்டும் என்று எலியட் 1919ல் ஹாம்லெட் பற்றிய கட்டுரையில் சொன்னதை வைத்துக்கொண்டு, சில வருஷங்களுக்கு முன் ஒருவரின் தொகுப்பை அளந்தேன். ஒப்பாரி நடையில், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் செல்லும் கவிதைகள். முதல் சில வரிகள் என் அளவுக்கு இசைந்தன. பிறகு இசையவில்லை. மிகை என்று எழுதினேன். திரும்பச் சொல்வதே அங்கே மரையின் இடைவெளி என்று யோசிக்கவில்லை. அதன்பின் அவர் கவிதை எதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வதும் ஒரு அகங்காரமே.

எலியட்டைத் தூக்கியெறிய வேண்டும் என்பதல்ல. எம்6 துளைக்கு எம்6 டேப் நல்ல டேப்தான்.

பெரியப்பா சொன்னபடி துளையை 6.8 மி.மீ.க்கு அகட்டி எம்8 மரை போட்டேன். தகடு இப்போது ஆடவில்லை. ஆனால் பழைய மரை போனது போனதுதான். பக்கத்துத் துளையில் பழைய திருகு எப்போதும் இருந்திருக்கிறது. அதைக் கழற்றி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

அந்தத் தொகுப்பை மறுபடி எடுத்திருக்கிறேன். இம்முறை வாய்விட்டுப் படிக்கிறேன்.