அணிகளும் அடைமழையும்

‘அணி’ என்றதும் தமிழிலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு உவமையும் உருவகமும் நினைவுக்கு வரும். இராசகிரியை அண்ணாந்து பார்த்து வளர்ந்த செஞ்சிக்காரர்களுக்கோ படை அணிவகுப்புத் தோன்றும். கணிப்பொறி பயிலும் எங்களுக்கு அணி என்பது, ஒரே வகைத் தரவுகளை ஒரு பெயரின்கீழ் நிறுத்தி, எண் சொல்லி அழைக்கும் ஏற்பாடு.

ஒரே வரிசையானால் ஓர் எண் போதும். தெரு எண்ணும் வீட்டு எண்ணும் போல இரண்டு வேண்டுமாயின் அது இருபரிமாண அணி. மூன்று என்றதும் எங்களில் பலர் மிரண்டு விடுகிறோம். எனக்கு அது விளங்கியது என் தந்தையார் கேட்ட ஒரு கேள்வியால்தான்.

மானாவாரியில் மல்லாட்டை போடும் குடும்பம் எங்களுடையது. “ஏம்மா, ஆடியிலே விதைச்சா மழை கை குடுக்குமா, உன் கம்ப்யூட்டர் சொல்லுமா?” என்றார். வரப்போகும் மழையை என் நிரல் சொல்லாது. பெய்த மழையை ஒழுங்குபடச் சொல்லும். ஆகவே பத்தாண்டு மழையளவுக்கு ஆண்டு, மாதம், நாள் என மூன்று பரிமாணங்களில் ஓர் அணி அமைத்தேன். 10 × 12 × 31 = 3720 அறைகள்.

நினைவகத்தில் மாடிகள் இல்லை. அத்தனை அறைகளும் ஒரே நீண்ட வரிசைதான். சி மொழி 0-இலிருந்து எண்ணும். கடைசிச் சுட்டெண்ணை முதலில் நகர்த்தும். மூன்றாம் ஆண்டு மே 10-ஆம் நாள் வேண்டுமா? (2 × 12 + 4) × 31 + 9 = 877. அத்தனை அறைகளைத் தாண்டினால் நாம் தேடும் அறை. ஃபோர்ட்ரானிலோ முதல் சுட்டெண்தான் முதலில் நகரும்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆண்டுக்கு 372 அறைகள், நாள்களோ 365. பிப்ரவரி 30 போன்ற இல்லாத நாள்களுக்கும், மழை அளக்கப்படாத நாள்களுக்கும் என்ன எழுதுவது? 0 எழுதினால் ‘மழை பெய்யவில்லை’ என்று பொருளாகிவிடும். 20, 40, 0 மில்லிமீட்டர் பெய்த மூன்று நாள்களின் சராசரி 20. அளக்காத நான்காம் நாளையும் 0 என்று சேர்த்தால் சராசரி 15 ஆகிவிடும். பெய்யாத மழையும் அளக்காத மழையும் ஒன்றல்ல. அதனால் அவ்வறைகளில் -1 இட்டு, கூட்டும்போது அவற்றை ஒதுக்கினேன்.

பிறகு ‘எந்த ஊர்?’ என்ற நான்காம் பரிமாணம் தேவைப்பட்டது. 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் மூன்றுக்குமேல் இடமில்லை. ஃபோர்ட்ரான் 77 ஏழுவரை தந்தது. இன்று நமக்கு அந்தத் தடை இல்லை. ஆயினும் மாவட்டச் சராசரி ஒன்றே போதுமென்று ஊரை விட்டுவிடுகிறோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஊர் என்னும் சுட்டெண்ணை நீக்கிச் சராசரி கண்டால் அந்த 51 கரைந்து போகும். அங்கே மூழ்கிய வயலும் கணக்கில் தெரியாது.

நண்பர்களே, எத்தனை பரிமாணம் என்பதைப் பாடநூல் முடிவு செய்வதில்லை. எவருடைய கேள்விக்கு விடை தேடுகிறோமோ, அவர் முடிவு செய்கிறார். அணியை அறிவிக்கும் முதல் வரியை எழுதுமுன் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.