திண்ணைப் பேச்சு

வில்லியனூரை அடுத்த எங்கள் உறுவையாற்றில், மாலைப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து உரையாடும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. மழை, விளைச்சல், நெல்விலை என்று தொடங்கும் பேச்சு, மெல்ல மெல்ல வாழ்வின் பெரிய வினாக்களை நோக்கிச் செல்லும்.

"நகரத்தில் வேலை கிடைத்தால் நிலத்தை விற்றுவிடலாமா?" என்பார் இளைஞர் ஒருவர். "நிலத்தை விற்கலாம், தம்பி, பிறந்த ஊரை விற்க முடியுமா?" என்பார் முதியவர். "ஊர்ப்பற்று வயிற்றை நிரப்புமா, ஐயா?" என்று இளைஞர் மீண்டும் வினவுவார். முடிவு காணாமலே பேச்சு ஓய்வதும் உண்டு. ஆயினும், முதியவர் இளைஞரின் தேவையை உணர்வார். இளைஞர் முதியவரின் கவலையை உணர்வார்.

இதனை வீண்பேச்சு என்று இகழ்தல் தகாது. பாரதியார் 1908-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்தார்; அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-இல் வந்தனர். ஆங்கில ஆட்சியின் பிடிக்கு அப்பால், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இம்மண்ணில் அவர்கள் அடிக்கடி கூடி, நாட்டு விடுதலை, வேதம், கவிதை எனப் பலவும் அளவளாவினர். அங்கே மேடையும் இல்லை, தலைமையும் இல்லை. அத்தகைய சூழலில் வாழ்ந்தபோதே பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை 1912-இல் வெளியிட்டார்.

மாணவர்களே! கைப்பேசி உலகச் செய்திகளை நொடியில் தருகிறது. மாற்றுக் கருத்துடையவரின் முகம் நோக்கிப் பொறுமையுடன் கேட்கும் பழக்கத்தை அது தாராது. புதிய வீடுகள் பலவற்றில் திண்ணை இல்லை. ஆதலால் கூடிப் பேசும் இடத்தை நாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும். வெல்லும் எண்ணத்தை விடுத்துப் பேசுங்கள். பேசுவதினும் மிகுதியாகக் கேளுங்கள்.