பிரட்டுக்களத்தில் தொடங்க வேண்டிய பயிற்சி

முகாமைத்துவ நூல்கள் ‘இடைநிலை முகாமையாளர்’ எனக் குறிப்பிடும் மனிதரை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிற் காண விரும்புவோர் துரையின் பங்களாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. விடியற்காலைப் பிரட்டுக்களத்திற் செக்ரோல் புத்தகத்துடன் நிற்கும் கணக்கப்பிள்ளையும் வெளிக்கள உத்தியோகத்தருமே அவர். மேலிடத்துக் கட்டளையை மலைக்குக் கொண்டுசெல்வதும், மலையின் முறைப்பாட்டை மேலிடத்துக்குக் கொண்டுசெல்வதும் அவர்தம் பணி. முன்னது ஒழுங்காக நடைபெறுகின்றது. பின்னது பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடுகின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் துரையாக வரவிருந்த இளைஞன் ‘கிறீப்பர்’ என்ற பெயரில் பெரியதுரையுடன் மலை சுற்றித் தொழில் பயின்றான். கணக்கப்பிள்ளையோ மூத்தவர் செய்ததைப் பார்த்துச் செய்தார். அதட்டலையும் அவ்வாறே கற்றுக்கொண்டார். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளின் கைக்கு மாறியது. அத்துருகிரியவில் அமைந்த தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இத்துறையினருக்கெனப் பயிற்சிநெறிகளை நடத்திவருகின்றது. எனினும், வகுப்பறையிற் பெற்ற சான்றிதழ் பிரட்டுக்களத்தில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பது வேறு கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தேயிலையும் இறப்பரும் கலந்த இரத்தினபுரித் தோட்டமொன்றில் இவ்வுத்தியோகத்தருக்கு இரண்டு நாட் பயிற்சியைத் திட்டமிட்ட குழுவில் நானும் இருந்தேன். தலைமைத்துவம், ஊக்குவித்தல், நேர முகாமை என வழக்கமான தலைப்புகளே நிகழ்ச்சிநிரலில் இருந்தன. அதனை வாசித்துக் காட்டியபோது வயது முதிர்ந்த உத்தியோகத்தர் ஒருவர் எழுந்தார்.

“பால் வெட்டி முடிஞ்சப்பறம் மழை பெய்ஞ்சு எல்லாத்தையும் கழுவிட்டுப் போன நாளையில முழுப் பேர் போடுறதா, அரைப் பேர் போடுறதா, சேர்? தொரை அரைங்கிறாரு, சனம் முழுசுங்குது. அதச் சொல்லித் தருவீங்களா?”

‘பேர்’ என்பது ஒருநாட் சம்பளம். சப்பிரகமுவவின் மழையை அறிந்தோருக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். வெட்டிய பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரமெங்கும் வழியும்; தொழிலாளியின் உழைப்போ ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லாதவருக்குத் தலைமைத்துவம் போதிப்பதிற் பயன் யாது?

நிகழ்ச்சிநிரலைக் கிழித்தோம். முதல் நாள் வகுப்பைப் பிரட்டுக்களத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் நடத்தினோம். துரையும் பயிலுநருள் ஒருவராக அமரவேண்டும் என்பது எமது நிபந்தனை. தயக்கத்துடனேயே அவர் இசைந்தார். உத்தியோகத்தர் தொழிலாளியாகவும், துரை உத்தியோகத்தராகவும் நடித்து அந்த மழைநாளை வாதாடினர். வந்திருந்தோருட் பெண் ஒருவரேனும் இல்லை. கொழுந்து பறிப்போரோ ஏறக்குறைய அனைவரும் பெண்களே. ஆதலால் இரண்டாம் நாள் பெண் தொழிலாளர் சிலரையும் அழைத்தோம். அவர்கள் மழையைப் பற்றிப் பேசவில்லை. நிறுவையின்போது சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றியே பேசினர்.

மழைநாட் பெயருக்கான விதி இரு மொழிகளிலும் எழுதப்பட்டுப் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட்டது. நிறுவைக் கழிவு அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வமர்வுக்கான திகதி இன்னும் குறிக்கப்படவில்லை.