ஆவி பறக்கும் புட்டு

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்கா,

போன வாரம் போனில், "அங்க என்னத்தத் தின்னுட்டுக் கெடக்க?" என்று கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

நேற்று என் அலுவலகத் தோழி கேலாங் சிராய்க்குக் கூட்டிப் போனாள். சீனப் பெண், வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வருவாள் என்று சொன்னேனே, அவள்தான். கேலாங் சிராய் மலாய்க்காரர்களின் பழைய பேட்டை. அங்கே ஒரு கடையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பலகையில் 'புத்து பிரிங்' என்று எழுதியிருந்தது. மலாயில் பிரிங் என்றால் தட்டு. புத்து என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

உள்ளங்கையில் அடங்கும் அச்சில் அரிசி மாவைத் தூவி, நடுவில் வெல்லத்தூள் வைத்து, மேலே மறுபடி மாவு. வெள்ளைத் துணியால் மூடி ஆவியில் கவிழ்த்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடுகிறது. பாண்டான் இலைத் துண்டில் வைத்து, உப்புப் போட்ட தேங்காய்ப்பூவோடு கொடுத்தார்கள். கடித்ததும் வெல்லம் உருகி நாக்கைச் சுட்டது. அம்மா அவித்த புட்டேதான் அக்கா! கண் கலங்கிவிட்டது. ஆனால் உள்ளே வைக்கும் இந்த வெல்லம், குலா மலாக்கா என்பார்கள், தென்னம்பதநீரில் காய்ச்சியது. நம் கருப்பட்டியின் அந்தக் கரிப்பு இதில் இல்லை.

"எங்கள் தூத்து குவே மாதிரியே இருக்கிறது" என்றாள் தோழி. அது பூ அச்சில் அவிப்பது, உள்ளே வேர்க்கடலைப் பொடி. நான் விடுவேனா? குழலில் அவிப்போம் என்று கையால் அளந்து காட்டினேன். அவள் நம்பவில்லை. கடைக்கார மலாய் அம்மாதான், மூங்கில் குழலில் அவித்தால் அதற்குப் பெயர் புத்து பம்பு என்று எனக்காகப் பேசினார். நம் இடியாப்பமும் இங்கே 'புத்து மாயம்' என்ற பெயரில் கிடைக்கிறது, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு.

இந்த ஊர் உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்க ஹலாலுக்குத் தனி அடுக்கு, மற்றதற்குத் தனி அடுக்கு. உட்காரும் மேசை மட்டும் எல்லோருக்கும் பொது. 2020-இல் யுனெஸ்கோ இந்த ஊர் அங்காடி உணவுப் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது, சேர்த்தது சரிதான் என்று தோன்றியது.

அடுத்த மாதம் அத்தான் வரும்போது அம்மாவின் புட்டுக்குழலைக் கொடுத்துவிடு. மாவு நீயே வறுத்துத் தா. உன் பக்குவம் எனக்கு வராது. இரண்டு வட்டு கருப்பட்டியும் வேண்டும். தோழியை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அன்புத் தங்கை