இது யாரு பாடு?

எங்கள் நைனாவுக்கு 76 வயது. பழவேற்காட்டு ஏரியும் கோட்டைக்குப்பமும்தான் அவருக்கு உலகம். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அன்றோடு படகும் போயிற்று, வலையும் போயிற்று. பகலெல்லாம் திண்ணை; இரவெல்லாம் விழிப்பு. துணைக்கு இருந்த பழைய ரேடியோப் பெட்டியும் உப்புக் காற்றில் துருப்பிடித்து, ஒரு நாள் வாயை மூடிக்கொண்டது.

"அதுவும் என்னை மாதிரிதாண்டா" என்றார் நைனா. அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

நான் பொன்னேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் வித்தை கொஞ்சம் தெரியும். கடையில் கழித்துப் போட்ட லாப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளை ஏற்றினேன். 2018-ல் 'எம்பி' என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரிந்தது இது. தொண்டர்கள் எழுதி வளர்ப்பதால் கட்டணம் கிடையாது. நம்மிடம் உள்ள படம், பாட்டு எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, வீட்டு டி.வி.க்கும் போனுக்கும் பரிமாறும் சமையற்காரன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால், எங்கள் வீட்டில் பரிமாற என்ன இருந்தது? தங்கையின் கல்யாண வீடியோ ஒன்றுதான். அதையே எத்தனை நாள் பார்ப்பது?

"இதுக்கா கவலைப்படுறே, மாமா?" என்று வந்தான் அக்காள் மகன். போனில் ஒரு பட்டியல் அனுப்பினான். 'எம்3யு' பட்டியல் என்று அதற்குப் பெயர். பிரமாதம் ஒன்றுமில்லை, வெறும் எழுத்துதான். ஒரு வரியில் சானலின் பெயர், அடுத்த வரியில் அதன் இணைய முகவரி. ஜெல்லிஃபினில் நேரலை டி.வி. பகுதிக்குப் போய், எம்3யு ட்யூனர் ஒன்றைச் சேர்த்து, பட்டியல் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. படம் நம் வீட்டில் தங்குவதில்லை. கலங்கரை விளக்கின் வெளிச்சம்போல எங்கிருந்தோ வந்து போகும்.

அடேயப்பா! நூற்றுக்கணக்கில் சானல்கள். அன்று இரவே, அந்த வாரம்தான் தியேட்டருக்கு வந்த புதுப் படம் எங்கள் கூடத்தில் ஓடியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். என் மனைவி சுண்டல் கிண்டினாள். நைனா மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

"டிக்கெட் எவ்வளவுடா?"

"காசே இல்லை, நைனா."

"அப்ப, இது யாரு பாடு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஏரித் தண்ணீர் பொதுதான். ஆனால், இறால் படுகிற இடத்தில் இஷ்டப்படி வலை போட முடியாது. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவன் முறையில் வலை போடுவது பெருங்குற்றம். பட்டினி கிடந்த நாளிலும் நைனா அதைச் செய்தவரல்ல.

"தண்ணி பொதுவா இருக்கலாம்டா, மீனு அன்னிக்கு அவனுது. படம் எடுத்தவனும் பாடுபட்டுத்தானே எடுத்திருப்பான்?"

இரவோடு இரவாகப் பட்டியலை அழித்தேன். அக்காள் மகனுக்கு என்மேல் கோபம். பிறகு நானே ஒரு பட்டியல் எழுதினேன். ஆகாசவாணி தன் நிலையங்களை இணையத்திலும் ஒலிபரப்புகிறது. 1938-ல் தொடங்கிய சென்னை நிலையம் முதல் வரி. 1957-ல் பிறந்த விவித் பாரதி இரண்டாவது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய படங்களும் இருக்கின்றன. அங்கே இருப்பதாலேயே எல்லாம் பொது ஆகிவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி, படம் வெளிவந்த வருஷம் முடிந்து 60 ஆண்டு வரை அது எடுத்தவரின் உரிமை. எனவே வருஷம் பார்த்தே தொடுகிறேன். என் பட்டியலில் பத்து வரிகூட இல்லை.

விடியற்காலையில் ஆகாசவாணியின் அந்தப் பழைய முகப்பு இசை எழுந்தது. நைனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல கை தொடையில் மெல்லத் தாளம் போட்டது.

"இது யாரு பாடு, நைனா?" என்று நானே கேட்டேன்.

"இது நம்ம பாடுதாண்டா. கொஞ்சம் சத்தமா வை" என்றார்.